நான்கு வயதுக்கு எந்தக் கார்ட்டூன்?

கேள்வி: எங்கள் மகனுக்கு 4 வயது, மகளுக்கு 8 வயது. மாலையில் இருவரும் சேர்ந்துதான் தொலைக்காட்சியில் கார்ட்டூன் பார்க்கிறார்கள். சில மாதங்களாக மகன் தனக்குப் பிடித்த கார்ட்டூன் நாயகனைப் போலக் கத்திக்கொண்டு ஓடிவந்து அக்காவை உதைக்கிறான். "கெட்டவர்களைத்தானே அடிக்கிறார்கள், கடைசியில் நல்ல நீதியும் சொல்கிறார்களே" என்கிறார் என் மாமியார். தொலைக்காட்சி இணைப்பையே துண்டித்துவிடலாம் என்கிறார் கணவர். எந்தக் கார்ட்டூனை அனுமதிப்பது, எதைத் தவிர்ப்பது? நிறுத்தும்போது அவன் செய்யும் ஆர்ப்பாட்டத்தை எப்படிச் சமாளிப்பது?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் மாமியார் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன், பெரும்பாலான வீடுகளில் கார்ட்டூனைத் தேர்ந்தெடுக்கும் அளவுகோல் அதுவாகத்தான் இருக்கிறது. தீயவன் தோற்றானா, முடிவில் நீதி சொன்னார்களா என்று பார்த்து, இரண்டும் இருந்தால் நல்ல நிகழ்ச்சி என்று தீர்ப்பளித்துவிடுகிறோம். ஆனால் முதல் காட்சியில் விழுந்த முடிச்சையும் கடைசிக் காட்சியில் அது அவிழ்ந்ததையும் சேர்த்துப் பார்த்து, இதனால் அறிவது யாதெனில் என்று பொருள்கொள்ளும் திறன் 4 வயதில் மிகக் குறைவு. 20 நிமிடக் கதையில் 18 நிமிடம் அடிதடியும் கேலியும் நடந்து, கடைசி 2 நிமிடத்தில் எல்லோரும் சமாதானமானால், அந்தக் குழந்தையின் மனத்தில் தங்குவது பெரும்பாலும் அந்த 18 நிமிடங்கள்தாம்.

இது என் ஊகம் மட்டுமன்று. அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி லூயிஸ் மேரெஸ், எமிலி அகோஸ்டா இருவரும் 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு கார்ட்டூன் கதையைப் போட்டுக் காட்டினார்கள். அதில் மூன்று கால்களே உள்ள நாய் ஒன்றைக் கண்டு மற்ற நாய்கள் முதலில் பயந்து விலகுகின்றன, பிறகு பழகிப்பார்த்து நட்பாகின்றன. நம்மிலிருந்து வேறுபட்டவர்களை ஒதுக்கக் கூடாது என்பதே அந்தக் கதை சொல்லவந்தது. பார்த்த குழந்தைகளிடம் கேட்டபோது, மூன்று கால் நாய்களிடம் அன்பாக இருக்க வேண்டும் என்ற அளவிலேயே பலர் அதைப் புரிந்துகொண்டிருந்தார்கள். கதையில் வந்த பயத்தைப் பற்றியே பேசியவர்களும் உண்டு. நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட நிகழ்ச்சிக்கே கதி இதுவென்றால், சண்டைக்காகவே எடுத்துவிட்டு, ஒப்புக்கு ஒரு நீதியைச் சேர்த்த தொடரிலிருந்து உங்கள் மகன் எதை எடுத்துக்கொண்டிருப்பான் என்பதை அவனுடைய உதையே சொல்லிவிடுகிறது.

அதற்காக உங்கள் கணவர் சொல்லும் வழிக்கு உடனே போக வேண்டியதில்லை. 2013-இல் டிமித்ரி கிறிஸ்டாகிஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் 3 முதல் 5 வயதுக் குழந்தைகளின் பெற்றோர் 565 பேரை வைத்து நடத்திய சோதனையின் முடிவை வெளியிட்டார்கள். பார்க்கும் நேரத்தைக் குறைக்கும்படி அவர்கள் யாரையும் கேட்கவில்லை. வன்முறையுள்ள நிகழ்ச்சிகளுக்குப் பதிலாக, ஒருவருக்கொருவர் உதவுவதையும் பேசித் தீர்ப்பதையும் காட்டும் நிகழ்ச்சிகளை மாற்றிக்கொடுக்க மட்டும் ஒரு பிரிவுப் பெற்றோருக்கு வழிகாட்டினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அந்தக் குழந்தைகளின் நடத்தை மற்றவர்களைவிட மேம்பட்டிருந்தது. மாற்றம் பிரமாதமானதன்று என்றாலும், நிகழ்ச்சியை மாற்றினால் நடத்தையும் மாறும் என்பதற்கு அது போதுமான சான்று. நேரத்தைப் பொறுத்தவரை, 3, 4 வயதுக் குழந்தைகள் உட்கார்ந்தபடி திரையைப் பார்ப்பது நாளொன்றுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வரையறுத்திருக்கிறது.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு சொற்றொடர்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: "இருவரும் சேர்ந்துதான்". அப்படியானால் எதைப் பார்ப்பது என்பதை 8 வயது மகள்தான் முடிவுசெய்கிறாள் என்று நினைக்கிறேன். ரிமோட் பெரும்பாலும் மூத்த குழந்தையின் கையில்தானே இருக்கும்! அமெரிக்கத் தரக்குறியீட்டு முறையில் சிறுவர் நிகழ்ச்சிகளையே இரண்டாகப் பிரித்து, எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றவற்றுக்கு 'டிவி-ஒய்' என்றும், 7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானவற்றுக்கு 'டிவி-ஒய்7' என்றும் குறியிடுகிறார்கள். கற்பனையையும் நிஜத்தையும் பிரித்தறியும் திறன் ஓரளவு கைகூடும் வயது என்பதாலேயே அந்த எல்லையை 7-இல் வைத்திருக்கிறார்கள். உங்கள் மகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள், மகன் தாண்டவில்லை. எனவே இருவருக்கும் ஒரே நிகழ்ச்சி என்ற ஏற்பாட்டைக் கைவிடுங்கள். மகளுக்குரிய தொடரை அவள் தம்பி இல்லாத வேளையில் பார்க்கட்டும். சேர்ந்து பார்க்கும் நேரத்தில் தம்பிக்கு ஏற்றதே ஓடட்டும். அவளுக்குச் சலிப்பாகத்தான் இருக்கும். தம்பிக்குக் கதையை விளக்கும் பொறுப்பை அவளிடம் கொடுத்துப்பாருங்கள்.

இனி, எதைத் தேர்ந்தெடுப்பது. ஒரு தொடரை அனுமதிக்கும் முன் அதில் ஒரு முழு அத்தியாயத்தையாவது நீங்கள் உட்கார்ந்து பாருங்கள். சமையலறையிலிருந்து காதில் விழுவதை வைத்து முடிவுசெய்யாதீர்கள். பார்க்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இந்தக் கதையில் ஒரு சிக்கல் எதனால் தீர்கிறது? பேசியும் யோசித்தும் உதவி கேட்டும் தீர்ந்தால் குழந்தை பார்த்துச் செய்வதற்கு அதில் ஏதோ இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஓங்கி அடிப்பவனே வெல்கிறான் என்றால், அடிப்பவன் நல்லவனாக இருப்பது நிலைமையை இன்னும் மோசமாக்குகிறது. குழந்தை பார்த்துச் செய்வது தோற்கும் தீயவனைவிட, எல்லோரும் கொண்டாடும் நாயகனைத்தான். அடுத்து, பாத்திரங்கள் ஒருவரையொருவர் எப்படி அழைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். குண்டு, மக்கு என்று அழைத்துச் சிரிக்கவைக்கும் தொடர்கள் அடிதடி இல்லை என்ற ஒரே காரணத்தால் நல்ல பிள்ளையாக உள்ளே நுழைந்துவிடுகின்றன. மொழிமாற்றம் செய்யப்பட்ட சில தொடர்களில் மூலத்தில் இல்லாத கிண்டலை வசனகர்த்தாக்களே தாராளமாகச் சேர்த்துவிடுவதும் உண்டு.

கதை ஓடும் விதத்தையும் பார்க்க வேண்டும். 2011-இல் ஏஞ்சலின் லில்லர்டும் ஜெனிஃபர் பீட்டர்சனும் 4 வயதுக் குழந்தைகள் 60 பேரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சராசரியாக 11 நொடிக்கு ஒருமுறை காட்சி மாறும் விசித்திரக் கற்பனைக் கார்ட்டூனையும், இன்னொரு பிரிவுக்கு 34 நொடிக்கு ஒருமுறை காட்சி மாறும் அமைதியான கார்ட்டூனையும் 9 நிமிடம் காட்டினார்கள். மூன்றாம் பிரிவினர் படம் வரைந்தார்கள். முடிந்தவுடன் வைத்த சோதனைகளில், காத்திருப்பது, சொன்ன விதியை நினைவில் வைத்துச் செய்வது போன்றவற்றில் முதல் பிரிவினர் பின்தங்கினார்கள். பிற்பாடு அதே ஆய்வாளர் நடத்திய சோதனைகள், வேகத்தைவிட நடக்கவே முடியாத நிகழ்வுகள் அடுத்தடுத்து வருவதுதான் குழந்தையின் மூளையை அதிகம் களைக்கவைக்கிறது என்று காட்டின. அளந்தது பார்த்த உடனே உள்ள நிலையைத்தான் என்பதால், மூளையே கெட்டுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். ஆனால் அத்தகைய கார்ட்டூனைப் போட்டுவிட்டு, அது முடிந்த கையோடு அவன் அமைதியாக உட்கார்ந்து சாப்பிட வேண்டும், எழுத வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அவன் ஒரே அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் தடுக்காதீர்கள். அமெரிக்காவில் 1996-இல் தொடங்கிய ஒரு பாலர் நிகழ்ச்சியில் ஒரே அத்தியாயத்தை வாரத்தில் ஐந்து நாளும் ஒளிபரப்பினார்கள். அதை ஆராய்ந்தவர்கள், திரும்பப் பார்க்கப் பார்க்கக் குழந்தைகளின் புரிதல் கூடியதையும், திரையிலிருந்து கேட்ட கேள்விகளுக்கு அவர்கள் வாய்விட்டுப் பதில் சொல்வது அதிகமானதையும் கண்டார்கள். அந்த நிகழ்ச்சியில் கேள்வி கேட்டபின் குழந்தையின் பதிலுக்காகச் சில நொடிகள் காத்திருப்பார்கள். அப்படிக் காத்திருக்கும் நிகழ்ச்சி கிடைத்தால் விடாதீர்கள்.

பயம் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். இந்த வயதில் குழந்தையைப் பயமுறுத்துவது பெரும்பாலும் தோற்றம்தான். கோரமான முகமும், கண்ணெதிரே உருமாறும் மனிதரும், நல்லவரே ஆனாலும், அவனை இரவில் எழுப்பிவிடக் கூடும். "அது பொம்மைதானே" என்ற விளக்கம் 8 வயதில் பலிக்கும், 4 வயதில் அவ்வளவாகப் பலிக்காது. மடியில் வைத்துக்கொண்டு வேறொன்றில் கவனத்தைத் திருப்புவதே எளிது.

ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்த பிறகு, அது முடிந்து அரை மணி நேரம் அவன் என்ன விளையாடுகிறான் என்று பாருங்கள். கதையில் வந்ததைப் போல வீடு கட்டுகிறான், பொம்மைக்கு மருத்துவம் செய்கிறான் என்றால் அந்தத் தொடர் இருக்கட்டும். மறுபடியும் உதை என்றால் அதை நிறுத்திவிடுங்கள், எவ்வளவு பேர் பாராட்டியிருந்தாலும் சரி. உதைக்கும் நேரத்தில் நாயகனைத் திட்டாமல், "அக்காவுக்கு வலிக்கிறது, உதைக்க விடமாட்டேன்" என்று சுருக்கமாகச் சொல்லித் தடுங்கள். நாயகனைத் திட்டினால் அவன் வாதாட வந்துவிடுவான்.

கடைசியாக, ஆர்ப்பாட்டம். 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1 முதல் 5 வயதுக் குழந்தைகள் உள்ள குடும்பங்களில் பார்த்தபோது, "இன்னும் இரண்டு நிமிடம்தான்" என்ற எச்சரிக்கை அழுகையைக் கூட்டியதே தவிரக் குறைக்கவில்லை; நிகழ்ச்சி தானாகவே ஓர் இடத்தில் முடிந்தபோதும், தினமும் அதே நேரத்தில் முடிந்தபோதும்தான் குழந்தைகள் எளிதாக எழுந்தார்கள். ஆகவே அவனிடம் நிமிடக் கணக்கில் பேசாமல் கதைக் கணக்கில் பேசுங்கள்: இன்று இரண்டு கதை, இரண்டாவது முடிந்ததும் குளியல். நடுக்கதையில் அணைக்காதீர்கள். இணையம் வழியாகப் பார்ப்பதாக இருந்தால், ஒன்று முடிந்ததும் அடுத்தது தானே ஓடத் தொடங்கும் வசதியை இன்றே நிறுத்திவையுங்கள்; கதை முடிந்து திரை அடங்கும் அந்த ஒரு கணத்தைத்தான் அது நம்மிடமிருந்து பறித்துவிடுகிறது. ஒரு மாதம் இப்படி நடத்திப்பார்த்த பிறகும் உதை தொடர்ந்தால், இணைப்பைத் துண்டிப்பது பற்றிக் கணவரோடு பேசுங்கள்.