லைன் கோச் ஜோ மூர் – ஒரு கடிதம்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

அயோவா பல்கலைக்கழக அமெரிக்க ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அதில் அவருடைய ஆசான் ஜோ மூர் என்று ஒரு வரி வருகிறது. நான் பிட்ஸ்பர்க்கில் வேலை பார்க்கிறேன். இங்கே மூத்தவர்கள் அந்தப் பெயரைச் சொல்லும்போது குரலே மாறிவிடுகிறது. ஆனால் தேடிப் பார்த்தால் அவர் எந்தக் கல்லூரியிலும் தலைமைப் பயிற்சியாளர் ஆனதில்லை. கடைசிவரை அஃபென்சிவ் லைன் கோச் மட்டும்தான், அதாவது பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று தடுக்கும் ஐந்து பேருக்குப் பயிற்சியாளர். 64 வயதில் வேலையை விட்டு நீக்கியிருக்கிறார்கள், வழக்குப் போட்டிருக்கிறார். பதவி உயர்வே காணாத ஒருவரை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? இன்னொரு கேள்வி. சனிக்கிழமை மேட்ச் பார்க்கும்போது அந்த ஐந்து பேர் என்ன செய்கிறார்கள் என்றே எனக்குப் புரிவதில்லை, ஆள் மேல் ஆள் விழுவதுதான் தெரிகிறது. எப்படிப் பார்க்க வேண்டும்?

பிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஐந்து பேரின் வேலை தெரிந்தால் மூரைப் பற்றிய கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும். நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டுகள், ஓரங்களில் டேக்கிள்கள். சென்டர் பந்தைக் கால்களுக்கு நடுவே பின்னால் கொடுப்பதோடு சரி, மற்ற நால்வரும் ஆட்டம் முழுக்கப் பந்தைத் தொடாமலே வீட்டுக்குப் போகலாம். ஓடியவருக்கு யார்டு கணக்கு உண்டு, எறிந்தவருக்கு உண்டு, பிடித்தவருக்கும் உண்டு. இவர்களுக்கு எதுவும் இல்லை. எதிராளியைப் பிடித்து இழுத்துவிட்டால் மட்டும் நடுவர் மஞ்சள் துணியை வீசி, அரங்கம் முழுக்கக் கேட்கும்படி இவர் சட்டை எண்ணைச் சொல்லி, அணியை 10 யார்டு பின்னுக்குத் தள்ளுவார். நம்மூர்த் தேரோட்டத்தில் சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் சாமியைப் பார்க்கிறது, வடத்தைப் பார்க்கிறது, தேர் திரும்புவதும் நிற்பதும் அந்தக் கட்டைக்காரர்கள் கையில் இருக்கிறது.

இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்பது வெளியே தெரிவதே இல்லை. முதல் அடி சில அங்குலம்தான் இருக்க வேண்டும், கொஞ்சம் நீண்டால் உடம்பின் சமநிலை போய்விடும். இடுப்பு தாழ்ந்திருக்க வேண்டும், கைகள் எதிராளியின் நெஞ்சுக்குள் போய்ச் சேர வேண்டும். எதிரே நிற்கும் இருவர் திடீரென்று குறுக்கே மாறி ஓடி வந்தால், இந்தப் பக்கம் இருவரும் பேச நேரமில்லாமல் ஆளை மாற்றிக்கொள்ள வேண்டும். நான்கு பேர் சரியாகச் செய்து ஒருவர் தவறினால், பின்னால் நின்று பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் தரையில் கிடப்பார். ஐந்து பேரும் ஒரே நொடியில் ஒரே விஷயத்தைப் பார்க்கப் பழக வேண்டும், பழகி முடிக்கும்போது படிப்பு முடிந்து கிளம்பிவிடுவார்கள். கோச் மறுபடி பதினெட்டு வயதுப் பையன்களோடு முதல் அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மூர் இதைத்தான் செய்தார். பிட்ஸ்பர்க் அருகே அப்பர் செயின்ட் கிளேர் உயர்நிலைப் பள்ளியில் அவரிடம் ஆடிய பையன்களில் ஒருவர்தான் ஃபெரன்ட்ஸ். மூர் 1977இல் பிட் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். 1979, 80, 81 மூன்று வருடமும் அந்த அணி 11 வெற்றி, ஒரே தோல்வி என்று முடித்தது. எல்லோருக்கும் நினைவில் இருப்பது அந்த அணியின் குவார்ட்டர்பேக் டான் மரீனோ. அவருக்கு முன்னால் நின்ற மார்க் மே 1980இல் நாட்டின் சிறந்த லைன்மேனுக்கான அவுட்லேண்ட் கோப்பையை வாங்கினார். ரஸ் கிரிம், ஜிம்போ கோவர்ட் இருவரும் பின்னாளில் தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமுக்கே போனார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கிரிம், கோவர்ட் இருவருமே இந்த இடத்துக்காகக் கல்லூரிக்கு வந்தவர்கள் இல்லை, தடுப்பு அணியிலிருந்து இந்தப் பக்கம் மாற்றப்பட்டவர்கள்.

மூர் 1988இல் நோட்ர டேம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். முதல் வருடமே அணி 12 ஆட்டங்களையும் வென்று தேசிய சாம்பியன் ஆனது. 1996 கடைசியில் தலைமைப் பயிற்சியாளர் லூ ஹோல்ட்ஸ் விலகினார், தடுப்பு அணியைப் பார்த்துக்கொண்டிருந்த பாப் டேவி அந்த இடத்துக்கு வந்தார், மூருக்கு வேலை போயிற்று. இந்தத் தொழிலில் உதவிப் பயிற்சியாளரின் வேலை தலைமைப் பயிற்சியாளரோடு முடிச்சுப் போட்டது, அவர் போனால் இவர்களும் போவது சாதாரணம். பெரும்பாலானோர் பேசாமல் வேறு ஊர் பார்ப்பார்கள். மூர் வயதைக் காரணமாக வைத்து நீக்கினார்கள் என்று கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனார். ஆட்டக்காரர்களிடம் அவர் வன்மையாக நடந்துகொண்டதுதான் காரணம் என்று பல்கலைக்கழகம் வாதாடியது. அவர் மென்மையானவர் என்று யாருமே சொன்னதில்லை, நானும் சொல்ல மாட்டேன், கடுமை என்ற பெயரில் எதையும் நியாயப்படுத்தவும் எனக்கு விருப்பமில்லை. ஆனால் 1998 ஜூலையில் ஜூரி மூர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. சுமார் 86,000 டாலர் இழப்பீடு, அப்புறம் நீதிபதி கொடுத்தது இன்னும் 75,000 சொச்சம். வேலை மட்டும் திரும்பக் கிடைக்கவில்லை. 2003இல் இறந்துபோனார்.

அவரிடம் நோட்ர டேமில் ஆடிய ஆரன் டெய்லரும் வேறு சிலரும் முன்னின்று 2015இல் அவர் பெயரில் ஒரு விருதை உருவாக்கினார்கள். நாட்டின் சிறந்த அஃபென்சிவ் லைனுக்கான விருது, எந்தத் தனி ஆளுக்கும் கிடையாது, மொத்த லைனுக்கும் சேர்த்துத்தான். கோப்பையின் எடை 800 பவுண்டு, ஒருவர் தனியாகத் தூக்க முடியாது. 2016இல் அது அயோவாவுக்குப் போனது. அங்கே தலைமைப் பயிற்சியாளர் கர்க் ஃபெரன்ட்ஸ், அப்போது லைன் கோச்சாக இருந்தவர் அவருடைய மகன் பிரையன். அடுத்த வருடம் யாருக்கு என்கிறீர்கள்? நோட்ர டேமுக்கு. மூரை வேண்டாம் என்று அனுப்பிய அதே பல்கலைக்கழகம் அவர் பெயர் பொறித்த கோப்பையை வாங்கிக்கொண்டது.

பதவி உயர்வு பற்றிக் கேட்டீர்கள். கல்லூரித் தலைமைப் பயிற்சியாளரின் நாளில் பாதி நன்கொடையாளர்களோடும் பத்திரிகைக்காரர்களோடும் நிர்வாகத்தோடும் போய்விடும். லைன் கோச்சின் நாள் முழுக்கப் பையன்களின் காலடியிலும் கையிலும் இருக்கிறது. தனக்கு எது நன்றாக வருமோ அதிலேயே ஒருவர் ஆயுளைச் செலவழித்தார் என்றால் அவர் தேங்கிப்போனவர் என்று என்னால் நினைக்க முடியவில்லை. ஃபெரன்ட்ஸ் 1981இல் அயோவாவுக்கு லைன் கோச்சாக வந்ததே மூரிடம் பிட்டில் ஒரு வருடம் உதவியாளராக இருந்துவிட்டுத்தான்.

சரி, சனிக்கிழமை எப்படிப் பார்ப்பது? பந்தை விட்டுவிடுங்கள், அது எங்கே போனது என்று வர்ணனையாளர் சொல்லிவிடுவார். ஒரே ஒரு கார்டைத் தேர்ந்தெடுத்து ஆட்டத்தின் முதல் கால் பகுதி முழுக்க அவரை மட்டும் பாருங்கள். அவர் முதல் அடி முன்னால் போனால் பெரும்பாலும் ஓட்டம், பின்னால் வந்தால் எறியப்போகிறார்கள். அப்புறம் அவருக்கும் பக்கத்து டேக்கிளுக்கும் நடுவே எதிராளி எப்படி நுழையப் பார்க்கிறான், இருவரும் ஆளை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டாம் பாதியில் சென்டருக்கு மாறுங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.