எஃகு ஷாஃப்ட்டில் துரு: அலுமினியத்துக்கு மாற வேண்டுமா?

கேள்வி: பழைய பிக்கப் வண்டி ஒன்றை அண்மையில் வாங்கினேன். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் செல்லும் எஃகு டிரைவ் ஷாஃப்ட் முழுவதும் செம்பழுப்பாகத் துருப்பிடித்திருக்கிறது. அலுமினிய ஷாஃப்ட் போட்டுவிடும்படி நண்பர்கள் வற்புறுத்துகிறார்கள். அது அவசியமா?
- வாசகர், டெட்ராய்ட், அமெரிக்கா

பதில்: துரு மேற்பரப்போடு நின்றிருந்தால் அவசியமில்லை. பல பிக்கப்களில் எஃகு ஷாஃப்ட் வண்ணம் பூசப்படாமலே தொழிற்சாலையிலிருந்து வருகிறது. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு பட்டதும் அது நிறம் மாறத்தான் செய்யும். உங்கள் நகரின் அடியிலேயே அந்த உப்பை வெட்டியெடுக்கும் சுரங்கம் இருக்கிறது. நிறத்தைக் கண்டு அஞ்சாமல், கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பாருங்கள். துரு பொடியாக உதிர்ந்து, அடியில் வழவழப்பான உலோகம் தெரிந்தால் கவலை வேண்டாம். செதில் செதிலாகப் பெயர்ந்து குழி விழுந்திருந்தால், குறிப்பாகக் குழாயும், அதன் முனையிலுள்ள கவை வடிவ இணைப்பான யோக்கும் சேரும் வெல்டிங் ஓரத்தில் அப்படி இருந்தால், ஷாஃப்ட்டைக் கழற்றிப் பணிமனையில் காட்டிவிடுங்கள்; குழாயின் சுவர் சில மில்லிமீட்டர் கனமே கொண்டது.

வண்டி உற்பத்தியாளர்கள் அலுமினியத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முதன்மைக் காரணம் துரு அன்று. நீண்ட ஷாஃப்ட் சுழலும் வேகம் ஓர் எல்லையை நெருங்கும்போது நடுப்பகுதி வளைந்து அதிரத் தொடங்கும். நீளம் இரு மடங்கானால் அந்த எல்லை கால் பங்காகக் குறையும், குழாயின் விட்டம் பெருகினால் உயரும். எஃகின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.85 கிராம், அலுமினியத்தினுடையது 2.7 கிராம், விறைப்பும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால், ஒரே அளவுக் குழாய்களுக்கு எல்லை வேகத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் எடை குறைவு என்பதால் அலுமினியக் குழாயை அகலமாகச் செய்ய முடிகிறது. ஆகவேதான் நடுவே பேரிங் தாங்கும் இரு துண்டு எஃகு ஷாஃப்ட்டுக்குப் பதிலாக, நீளமான சில பிக்கப்களில் ஒரே துண்டு அலுமினிய ஷாஃப்ட் பொருத்துகிறார்கள்.

அலுமினியத்தையும் உப்பு விட்டுவைப்பதில்லை. யோக்குகளை இணைக்கும் சிலுவை வடிவ எஃகுத் துண்டுதான் கிராஸ்; அதன் முனையிலுள்ள பேரிங் மூடியான கப் அலுமினிய யோக்கில் அமரும் இடத்தில் உப்புநீர் தேங்கினால், இரு உலோகங்களுக்கிடையே நிகழும் மின்வேதி அரிப்பில் அலுமினியமே கரைகிறது. அதனால் உண்டாகும் வெண்பொடி கப்பை இறுகப் பிடித்துக்கொள்ள, கிராஸ் மாற்றும்போது யோக்கின் காது சேதமாகி முழு ஷாஃப்ட்டுக்கும் செலவழிக்க நேரலாம். கல் பட்டுக் குழாய் நசுங்கினாலும் அதே கதிதான்.

ஆகவே அந்தப் பணத்தைக் கிராஸ்களைச் சோதிக்கவும், குளிர்காலத்தில் வண்டியின் அடிப்பாகத்தை அடிக்கடி கழுவவும் செலவிடுங்கள். துருவை நீக்கியபின் மெல்லிய பூச்சு ஒன்று போதும். தடித்த பூச்சு ஒருபுறம் திரண்டால் பேலன்ஸ் கெடும். பேலன்ஸுக்காகக் குழாயில் வெல்டிங் செய்யப்பட்டிருக்கும் சிறு எடைத் தகடுகளைத் துரு என்று எண்ணிச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள்.