மூலம்தான் என்று முடிவு செய்துவிட வேண்டாம்

ஐயா, 58 வயதான உங்கள் தந்தைக்குச் சில மாதங்களாக மலத்தில் இரத்தம் போவதாகவும், ஹீமோகுளோபின் 8 ஆகக் குறைந்துவிட்டதாகவும், மூலம் என்று எண்ணிக் களிம்பு மட்டும் தடவி வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவருக்கு மூலம் இருக்கவே கூடும். ஆனால் மூலம் இருப்பதாலேயே பெருங்குடலில் கட்டி இல்லை என்று ஆகிவிடாது. இந்த வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை வந்தால், இரத்தம் எங்கே கசிகிறது என்று தேடாமல் இரும்பு மாத்திரை மட்டும் கொடுப்பது சரியல்ல. தாமதிக்காமல் குடல்நோய் மருத்துவரிடம் காட்டி, கொலனோஸ்கோப்பி (கேமரா பொருத்திய குழாயை ஆசனவாய் வழியாகச் செலுத்திப் பெருங்குடலைப் பார்க்கும் பரிசோதனை) பற்றிக் கேளுங்கள். அதில் உண்மையான சிரமம் குடலைச் சுத்தம் செய்ய முந்தைய நாள் குடிக்கும் பேதி மருந்துதான். வெளியேறுவது தெளிந்த மஞ்சள் நீராக மாறாவிட்டால் சிறிய பாலிப் (குடலின் உட்சுவரில் வளரும் சதை வளர்ச்சி) கண்ணுக்குத் தப்பிவிடும். தென்படும் பாலிப்பைப் பெரும்பாலும் அப்போதே வெட்டியெடுத்து பயாப்ஸிக்கு (திசுப் பரிசோதனைக்கு) அனுப்பிவிடுவார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.