யூனியனை மாற்றினால் சீனியாரிட்டி மாறுமா?

கேள்வி: என் மகன் 2013 முதல் ஒரு விமான நிறுவனத்தில் கோ-பைலட். அது இன்னொரு நிறுவனத்தோடு இணைகிறது. இரு தரப்பு விமானிகளையும் சேர்த்துப் போட்ட சீனியாரிட்டி (பணிமூப்பு) வரைவுப் பட்டியலில், அங்கே 2017-ல் சேர்ந்தவர்கள் இவனுக்கு மேலே இருக்கிறார்கள். புது யூனியன் தொடங்கி கோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள் நண்பர்கள். இவனும் சேரலாமா?

பதில்: இப்போது வேண்டாம். அவர் கோபம் நியாயமானதுதான். எந்த விமானம், எந்த ஊர், எப்போது கேப்டன், ஆட்குறைப்பு வந்தால் யார் முதலில் போவது என்று பலதும் பட்டியலில் கிடைக்கும் அந்த ஒரு எண்ணைப் பொறுத்தது. ஆனால் பட்டியல் எந்த முறையில் போடப்பட்டது என்று முதலில் கேளுங்கள்.

சேர்ந்த தேதிப்படி போட்டிருந்தால் 2013 மேலே இருக்கும். இது விகிதப்படி போட்ட பட்டியல் போலத் தெரிகிறது. 1,000 பேரில் 600-வது ஆளும் 500 பேரில் 300-வது ஆளும் இதில் சமம். வேகமாக வளர்ந்த நிறுவனத்தில் 2017-ல் சேர்ந்தவர்கூட அந்த 300-க்குள் வந்துவிடுவார். ஆகவே ‘நான் முன்னால் சேர்ந்தவன்’ என்ற வாதம் மட்டும் எடுபடாது.

எடுபடக்கூடியது ஓய்வுக் கணக்கு. உங்கள் மகன்தான் அந்த 1,000 பேரில் 600-வது ஆள், அவருக்கு மேலே உள்ளவர்களில் 300 பேர் பத்தாண்டில் 65 வயதைத் தொடுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியலில் அவர் 1,000-ல் 300-வது இடத்துக்கு வந்திருப்பார். அதாவது முதல் 30 சதவீதம். இணைந்த பட்டியலில் தொடக்கம் 1,500-ல் 900. எதிர்த்தரப்பு இளையவர்கள், யாரும் ஓய்வு பெறவில்லை என்றால் அதே 300 பேர் போனாலும் 600-வது இடம்தான்; 40 சதவீதம். இந்த இழப்பை ஆண்டுவாரியாகப் போட்டுத் தரச் சொல்லி யூனியனிடம் எழுத்தில் கேளுங்கள். பெரிய விமானங்களைக் கொண்டுவந்த தரப்புக்கே சில ஆண்டுகள் அவற்றை ஒதுக்கிவைக்கும் நிபந்தனை உண்டா என்றும் பாருங்கள். பல சமயம் எண்ணைவிட அதுதான் முக்கியம்.

யூனியனை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் உதாரணம் இருக்கிறது. யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் 2005-ல் இணைந்தன. 2007-ல் நடுவர் ஜார்ஜ் நிகோலாவ் தந்த பட்டியலில், பல வருட சர்வீஸ் இருந்தும் லே-ஆஃபில் இருந்த யுஎஸ் ஏர்வேஸ் பைலட்டுகள், எதிர்த்தரப்பில் சில மாதங்களே ஆனவர்களுக்குக் கீழே போனார்கள். எண்ணிக்கையில் பெரும்பான்மையாக இருந்த யுஎஸ் ஏர்வேஸ் தரப்பு கொதித்துப்போய் 2008-ல் யூனியனையே மாற்றியது. பொது ஒப்பந்தம் வராமல் இரு தரப்பும் வருடக்கணக்கில் பழைய சம்பளத்திலேயே நின்றன. அமெரிக்கன் ஏர்லைன்ஸோடு இணைந்த பிறகு, 2016-ல்தான் ஒரே பட்டியல் வந்தது. இழந்த ஆண்டுகளின் சம்பளத்துக்கு எந்தப் பட்டியலும் ஈடாகாது.

இங்கேயும் 2007-ல் ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் இணைந்தன. 2012-ல் ட்ரீம்லைனர் (போயிங் 787) விமானப் பயிற்சி எந்தத் தரப்பு பைலட்டுகளுக்கு என்ற சண்டையில் 58 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. இணைப்பில் சீனியாரிட்டியை நியாயமாகச் சேர்க்க வேண்டும், உடன்பாடு இல்லையென்றால் நடுவரிடம் போக வேண்டும் என்று அமெரிக்காவில் 2007 முதல் சட்டமே உண்டு. இங்கே விமானிகளுக்கென அப்படித் தனிச்சட்டம் இல்லை. அதனால் ஆட்சேபணைக்குத் தந்திருக்கும் கெடுவைத் தவறவிடக் கூடாது.

முதலில் பட்டியலில் மகனுடைய பெயருக்கு எதிரே உள்ள விவரங்களைச் சரிபாருங்கள்: சேர்ந்த தேதி, பயிற்சி முடித்துப் பயிற்சியாளர் துணையின்றிப் பறக்க அனுமதி பெற்ற தேதி, சம்பளமில்லா விடுப்பு, பட்டியல் எந்தத் தேதி நிலவரப்படி எடுக்கப்பட்டது, ஒரே நாளில் சேர்ந்தவர்களை எப்படி வரிசைப்படுத்தினார்கள் என்பதை எல்லாம். தவறு இருந்தால் நியமனக் கடிதம், பயிற்சிப் பதிவேடு நகல்களோடு நிறுவனத்துக்கும் யூனியனுக்கும் தனித்தனியே மனு கொடுத்து, இரண்டுக்கும் பெற்றுக்கொண்டதற்கான ரசீது வாங்கிவைக்கச் சொல்லுங்கள்.