சிறுகுறிஞ்சான் இலை சர்க்கரையைக் குறைக்கும் என்பதை யாராவது முறையாகச் சோதித்திருக்கிறார்களா?

சோதித்திருக்கிறார்கள், அதுவும் சென்னையிலேயே. சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வாளர்கள் இந்த இலையிலிருந்து பிரித்தெடுத்து ஜிஎஸ்4 என்று பெயரிட்ட சாற்றை, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 22 பேருக்கு, அவர்கள் ஏற்கெனவே உட்கொண்டுவந்த மாத்திரைகளோடு சேர்த்து, நாளொன்றுக்கு 400 மில்லிகிராம் வீதம் 18 முதல் 20 மாதங்கள் கொடுத்து, முடிவுகளை 1990இல் வெளியிட்டார்கள். இரத்தச் சர்க்கரையும், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவும் குறைந்தன. ஐந்து பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. ஆனால் அது, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்குப் போலி மாத்திரை கொடுத்து ஒப்பிட்ட ஆய்வு அன்று. இந்தக் குறையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்கு என் வீட்டிலேயே காரணம் உண்டு.

மேற்கு மாம்பலத்தில் இருக்கும் என் பெரியப்பா, நாட்டு மருந்துக் கடையில் சிறுகுறிஞ்சான் பொடி வாங்கி இரண்டு மாதம் சாப்பிட்டார். வெறும் வயிற்றுச் சர்க்கரை 168இலிருந்து 131க்கு இறங்கியது. அதே இரண்டு மாதங்களில்தான் அவர் மாலை பஜ்ஜியை விட்டார், பனகல் பூங்காவில் நடக்கத் தொடங்கினார், மறந்து மறந்து போட்டுக்கொண்டிருந்த மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டார். இதில் பொடியின் பங்கு எவ்வளவு என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் சொல்ல முடியாது.

இந்த இலையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. இதிலுள்ள ஜிம்னெமிக் அமிலங்கள் நாவின் இனிப்புணர்வைச் சிறிது நேரம் மழுங்கடிப்பதால், இலையை மென்றபின் சர்க்கரையைப் போட்டுக்கொண்டால் மணலை மெல்வதுபோல் இருக்கும். எனவே போலி மருந்தோடு ஒப்பிடும் ஆய்வில் இதைப் பொடியாகக் கொடுத்தால் தனக்கு உண்மையான மருந்துதான் கிடைத்திருக்கிறது என்று நோயாளி உடனே கண்டுபிடித்துவிடுவார். மேலும், இனிப்பு பிடிக்காமல் போய் அவர் குறைவாகச் சாப்பிட்டதால்தான் சர்க்கரை குறைந்ததா, மருந்து உடலுக்குள் வேலை செய்ததா என்பதும் குழம்பிவிடும். நாவில் படாத கேப்சூலாகக் கொடுத்தால்தான் ஒப்பீட்டுக்குப் பொருள் உண்டு.

எலி ஆய்வுகளை மட்டும் காட்டி விற்பவர்களை நான் நம்புவதில்லை. முதுகலையில் நானும் அத்தகைய சோதனை செய்தவன்தான். அதில் போடும் ஸ்ட்ரெப்டோசோட்டோசின் ஊசி, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களை அழித்து எலிக்கு நீரிழிவை உண்டாக்குகிறது. நம்மில் பெரும்பாலோருக்கோ இன்சுலின் சுரந்தும் உடல் அதற்குச் சரியாக இணங்காததே தொடக்கம். எலிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 200 மில்லிகிராம் சாறு கொடுத்தால், அந்த அளவை உடற்பரப்புக் கணக்கின்படி ஏறத்தாழ ஆறால் வகுத்தால், 60 கிலோ மனிதருக்கு நாளொன்றுக்கு இரண்டு கிராம் சாறு வேண்டும். அது சாறு, பொடி அன்று. நீரில் எடுத்த சாறும் சாராயத்தில் எடுத்த சாறும்கூட ஒன்றல்ல.

கிளிமெபிரைடு போன்ற நீரிழிவு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடும் என்பதால், மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்க வேண்டாம். மாத்திரையைத் தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

மற்றவற்றையெல்லாம் அப்படியே வைத்துக்கொண்டு ஒரு மாதம் பொடியை மட்டும் நிறுத்திப் பார்க்கலாமே என்று பெரியப்பாவிடம் கேட்டேன். "நன்றாக இருப்பதை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?" என்று மறுத்துவிட்டார்.