போர் தண்ணீரும் ஜன்னல் கண்ணாடியும்: காய்ந்ததும் திரும்பி வரும் வெண்புள்ளிகள்

வாசகர் கேள்வி: திருவான்மியூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாம் தளத்தில் வசிக்கிறோம். ஸ்லைடிங் ஜன்னல்களின் கண்ணாடியில் வெண்புள்ளிகளும் வழிந்த கோடுகளும் படிந்துவிட்டன. கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தெளித்துச் செய்தித்தாளால் தேய்த்தால், ஈரம் இருக்கும்வரை பளிச்சென்று தெரிகிறது. காய்ந்ததும் புள்ளிகள் மறுபடி தெரிகின்றன. ஆசிட் பயன்படுத்தலாமா? வெளிப்பக்கத்தைத் துடைக்க, காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் இரட்டைக் கருவி வாங்கலாமா?

பதில்: ஈரத்தில் மறைந்து காய்ந்ததும் தெரிவதாக நீங்கள் எழுதியிருப்பதே நோயைச் சொல்லிவிடுகிறது. உங்கள் கண்ணாடியில் இருப்பது அழுக்கன்று, உப்புப் படிவு. கடற்காற்று கொண்டுவரும் உப்பு சாதாரணத் தண்ணீரிலேயே கரைந்து போய்விடும் என்பதால் அதைக் குற்றம் சொல்ல முடியாது. ஜன்னலைக் கழுவப் பயன்படுத்திய போர் தண்ணீர்தான் பெரும்பாலும் காரணமாக இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 10500, தண்ணீரின் கடினத்தன்மை, அதாவது அதில் கரைந்துள்ள சுண்ணாம்பு வகை உப்புகளின் அளவு, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடங்களில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும் சொல்கிறது. அந்த மேல் வரம்பில் உள்ள தண்ணீர் 15 லிட்டர் வாளி ஒன்றில் ஏறத்தாழ 9 கிராம் சுண்ணாம்புப் பொருளைச் சுமந்திருக்கும். வெயிலில் சூடேறிய கண்ணாடியில் துளிகள் காயும்போது தண்ணீர் ஆவியாகிவிட, சுண்ணாம்பு அங்கேயே தங்கிவிடுகிறது.

ஆகவே, கழிவறைக்கு ஊற்றும் ஆசிட்டைத் தொடவே வேண்டாம். அது சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அலுமினியச் சட்டத்தையும் சுவரின் சிமெண்ட் பூச்சையும் சேர்த்தே அரிக்கும், அதன் புகை மூச்சுக்கும் கேடு. அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடரின் மிச்சம் இருந்தால் குளோரின் வாயுவே கிளம்பும். சமையலறை வினிகர் போதும். அதில் 4 முதல் 5 சதவீதம் உள்ள அசிட்டிக் அமிலம், பொறுமையாக விட்டால் இந்த வேலையைச் செய்துவிடும். பழைய பருத்தித் துணியை வினிகரில் நனைத்துப் புள்ளிகளின் மேல் ஒட்டவைத்து, காய்ந்துவிடாமல் அவ்வப்போது நனைத்தபடி 15 அல்லது 20 நிமிடம் விட்டுவிட்டு, பிறகு மெதுவாகத் தேய்த்துக் கழுவுங்கள். கறை பழையதாக இருந்தால் இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். ஜன்னலின் அடிப்பலகை மார்பிளாக இருந்தால் அதன் மேல் பிளாஸ்டிக் தாள் விரித்துவிடுங்கள். வினிகர் பட்ட மார்பிள் மங்கிப்போகும். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நார் எந்த நிலையிலும் கண்ணாடியின் அருகே வரக்கூடாது.

கறையை நீக்குவதைவிட அது மீண்டும் படியாமல் பார்த்துக்கொள்வதே முக்கியம் என்பது என் கருத்து. அதற்கு முதலில் தண்ணீரை மாற்ற வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரைச் சிக்கனம் கருதிப் பலர் ஜன்னல் கழுவப் பயன்படுத்துகிறார்கள்; வடிகட்டப்பட்ட உப்பெல்லாம் செறிந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான் என்பதால், கண்ணாடிக்கு அதைவிடப் பொருத்தமற்றது வேறில்லை. தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மாறாக, வீணாகச் சொட்டிக்கொண்டிருக்கும் ஏ.சி. தண்ணீர், காற்றிலுள்ள ஈரம் குளிர்ந்து உருவாவதால் அதில் கரைந்த உப்பு மிகக் குறைவு. துணியில் வடிகட்டினால் ஜன்னல் கழுவ அருமையான தண்ணீர் அது. மழைநீரும் அப்படியே.

வேலையை உலர்ந்த நிலையில் தொடங்குங்கள். கொசுவலையையும் சட்டத்தையும் மென்மையான பிரஷ்ஷால் தட்டிவிட்டு, ஜன்னல் ஓடும் கீழ்ப்பள்ளத்தில் சேர்ந்திருக்கும் மண்ணைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷாலோ வேக்குவம் கிளீனராலோ எடுத்துவிட வேண்டும். முதலிலேயே தண்ணீர் ஊற்றினால் அந்த மண் சேறாகி, மழைநீர் வெளியே வடிவதற்காக வைத்திருக்கும் சிறு துளைகளை அடைத்துவிடும். அடுத்த வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வீட்டுக்குள் வரும். பள்ளத்தில் எண்ணெய் விடுவதையும் தவிர்த்துவிடுங்கள், தூசியைப் பிடித்துவைப்பதைத் தவிர அதனால் பயனில்லை.

பிறகு, கண்ணாடி மீது நேர் வெயில் விழாத காலையிலோ மாலையிலோ, ஒரு லிட்டர் தண்ணீருக்குச் சில துளிகள் மட்டும் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து மென்மையான துணியால் கழுவி, ரப்பர் வைப்பரால் தண்ணீரை இழுத்துவிடுங்கள். சோப்பு கூடினால் கோடு விழும். மேல் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் துணியால் துடைத்து, அந்த உலர்ந்த பட்டையிலிருந்து வைப்பரைத் தொடங்க வேண்டும்; ஒவ்வொரு இழுப்புக்கும் பின் ரப்பரைத் துடைத்து, முந்தைய தடத்தின் மேல் இரண்டு விரல் அகலம் ஏறும்படி அடுத்ததை இழுத்தால் நடுவில் கோடு நிற்காது. ஒற்றை ரப்பர் தகடு கொண்ட இந்த இலகுவான கருவி, இத்தாலியிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்னும் ஜன்னல் துப்புரவாளர் 1936-இல் உருவாக்கிய வடிவத்தின் வழிவந்தது. இன்றும் தொழில்முறைத் துப்புரவாளர்களின் கையில் இருப்பது ஏறக்குறைய அதே வடிவம்தான். ரப்பரின் விளிம்பு மழுங்கினால் கருவியை எறியாமல் ரப்பரை மட்டும் மாற்றலாம்.

செய்தித்தாள் பஞ்சிழை விடாது என்பது அதன் நன்மை, வெள்ளை யு.பி.வி.சி. பிளாஸ்டிக் சட்டத்தில் அச்சு மை ஏறிவிடும் என்பது தீமை. ஓரங்களைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணி மேலானது. அதைத் துணி மென்மையாக்கும் திரவத்தில் மட்டும் துவைக்காதீர்கள், நீரை உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும். கண்ணாடியில் வெயில் தடுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தால் பிளேடு, அமோனியா கலந்த திரவம் இரண்டையும் விலக்குங்கள்.

காந்தக் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன். உங்கள் கண்ணாடியின் தடிமனுக்குப் பொருந்தாவிட்டால் வெளிப்பாதி கழன்று விழும். பாதுகாப்புக் கயிறு இருந்தாலும், மூன்றாம் தளத்திலிருந்து கீழே நடப்பவர் தலைக்கு மேல் அந்தப் பரீட்சை தேவையில்லை. இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால் கண்ணாடி முழுக்கக் கீறலாகவும் ஆகும். ஒரு பக்கக் கதவைத் தள்ளித் திறந்து, அந்த இடைவெளி வழியாகத் தலை வளையும் நீளக் கைப்பிடி வைப்பரை நீட்டி மறுபக்கக் கதவின் வெளிப்புறத்தைத் துடையுங்கள். கிரில் இடம் கொடுக்காவிட்டால், எட்டாத பகுதியை உரிய பாதுகாப்புடன் வெளியிலிருந்து துடைக்கும் பணியாளர்களிடம் விட்டுவிடுங்கள். விளிம்பில் ஏறி நிற்கும் வேலை யாருக்கும் வேண்டாம்.

வினிகரை மூன்று முறை வைத்தும் ஒரு புள்ளிகூட அசையவில்லை என்றால், அது வினிகரில் கரையாத சிலிக்கா படிவாக இருக்கலாம், அல்லது கண்ணாடியின் மேற்பரப்பே அரிக்கப்பட்டிருக்கலாம். அதற்குச் சீரியம் ஆக்சைடு என்னும் மெருகுத் தூள் கொண்டு மெருகேற்றும் முறை உண்டு. கையால் செய்தால் நாள் முழுவதும் பிடிக்கும் வேலை என்பதால், மெருகேற்றக் கேட்கும் கூலியையும் புதுக் கண்ணாடியின் விலையையும் ஒப்பிட்டுப் பார்த்தபின் முடிவெடுங்கள்.