கேளுங்கள், சொல்கிறேன்: புது ஊரில் எங்கள் கோயில் எது?

கேள்வி: நாங்கள் முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த கத்தோலிக்கக் குடும்பம். கணவருக்கு இடமாற்றம் கிடைத்து வவுனியா வந்து குருமன்காட்டில் வாடகைக்கு இருக்கிறோம். ஊரில் ஒரு ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் மத்தியானத்துக்குள் நாலு பேர் "என்ன, காய்ச்சலோ" என்று படலைக்கு வந்துவிடுவார்கள். இங்கே பூசை முடிந்ததும் ஆளாளுக்கு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள், மாதக்கணக்கில் போயும் எங்களை ஒருவருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா தங்கள் ஜெபக்கூட்டத்துக்குக் கூப்பிட்டார். ஒருநாள் போனோம். பெயர் கேட்டு, பிள்ளைகளுக்காக ஜெபித்து, சாப்பாடும் தந்துதான் விட்டார்கள். மனம் அங்கே இழுக்கிறது. அம்மாவோ போனில் அழுகிறார். மூத்தவளுக்கு எட்டு வயது, இன்னும் முதல் நன்மை (முதல் நற்கருணை) எடுக்கவில்லை. என்ன செய்ய? (பெயர் வேண்டாம், வவுனியா)

பதில்: தங்கச்சி, அம்மாவின் அழுகையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டுப் பேசுவோம். உங்களுக்கு ஆட்கள் வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அந்த அக்கா வீட்டில் கிடைத்த அன்பு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். சின்னக் கூட்டத்தில் புதுமுகம் உடனே கண்ணில் படும், நூற்றுக்கணக்கில் சனம் நிற்கிற பூசையில் படாது. அதற்காக ஞாயிறு காலை ஒரு மணித்தியாலத்தை வைத்து ஒரு பங்கை, அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பில் உள்ள கோயில் சமூகத்தை, எடைபோட்டு விடாதீர்கள், நகரத்துப் பங்குகளில் ஆட்களோடு பழகுவதெல்லாம் கிழமை நாட்களில்தான், அதுவும் கோயிலுக்கு வெளியே.

நீங்கள் இன்னும் உங்களை விருந்தாளி என்று நினைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். திருச்சபைச் சட்டப்படி ஒரு பங்கின் எல்லைக்குள் மூன்று மாதம் தொடர்ந்து குடியிருந்தாலே நீங்கள் அந்தப் பங்கின் ஆள், யாரும் கூப்பிட்டுச் சேர்க்கத் தேவையில்லை. ஆனால் ஒன்று, முல்லைத்தீவு யாழ்ப்பாண ஆயரின் ஆளுகையில், அதாவது யாழ்ப்பாண மறைமாவட்டத்தில் இருக்கிறது, வவுனியா 1981இல் அதிலிருந்து பிரிந்து உருவான மன்னார் மறைமாவட்டத்தில். பக்கத்து மாவட்டம்தான் என்றாலும் உங்கள் குடும்பத்தின் பதிவு ஒன்றும் இங்கே இல்லை. அதனால் ஊருக்குப் போகும்போது எல்லாருடைய திருமுழுக்குச் சான்றிதழையும், உங்கள் திருமணச் சான்றிதழையும், பழைய பங்குத்தந்தையிடம் ஒரு கடிதத்தையும் வாங்கி வாருங்கள்.

அதைக் கொண்டுபோய் ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரைச் சுற்றி இருபது பேர் நிற்கும்போது நீட்டாதீர்கள், பாவம், அவருக்கு அடுத்த பூசைக்கு ஓட வேண்டியிருக்கும். கிழமை நாளில் பின்னேரம் பங்குமனைக்குப் போங்கள். "எங்கள் வீடு எந்த அன்பியத்துக்குள் வருகிறது?" என்று கேளுங்கள். அன்பியம் என்றால் பங்குக்குள் அக்கம்பக்கத்து வீட்டார் சேர்ந்த சின்னக் குழு. ஊரில் இருந்தபோது கிராமமே அன்பியமாக இருந்தது, ஆகவே இந்தக் கேள்வி உங்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. இங்கே இரண்டு மூன்று ஒழுங்கைக்காரர் சேர்ந்து ஒரு வீட்டில் கூடி, வேதாகமம் வாசித்து, செபித்து, தேத்தண்ணி குடித்துக் கலைவார்கள். கூட்டம் நடக்கிற வீட்டுக்கு அடுத்த வீடுகளில் இருந்துதான் பிளாஸ்டிக் கதிரை வரும். முடிந்த பிறகு அந்தக் கதிரைகளைத் திருப்பிக் கொடுக்கக் கூடப் போங்கள், செபத்தில் பேசாத ஆட்கள் எல்லாம் அந்த நேரம்தான் வாய் திறப்பார்கள், எந்த ரியூசன் நல்லது, எந்தக் கிணற்றில் கோடையிலும் தண்ணி இருக்கும் என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். மே மாதமும் ஒக்டோபரும் செபமாலை வீடு வீடாகப் போகும். ஒரு நாளைக்கு எங்கள் வீட்டில் வைக்கலாம் என்று நீங்களே கேளுங்கள். வாடகை வீடு, சின்ன விறாந்தை என்று யோசிக்காதீர்கள், சனம் முற்றத்தில் பாய் போட்டு இருக்கும்.

மகளை முதல் நன்மை வகுப்பில் உடனே சேர்த்துவிடுங்கள். எட்டு வயது பிந்திய வயது இல்லை, ஆனால் இனியும் இழுக்க வேண்டாம். வகுப்பு முடியும்வரை வெளியே காத்து நிற்கிற தாய்மாரில் பாதிப்பேர் உங்களைப் போல வேறு இடத்திலிருந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள், வவுனியா அப்படியான ஊர். இடம்பெயர்ந்து வந்தவர், வேலைக்கு வந்தவர், பிள்ளைகளின் படிப்புக்கு வந்தவர் என்று கழித்துப் பார்த்தால் மிச்சம் கொஞ்சம்தான்.

கணவரைப் பற்றி நீங்கள் ஒரு வரியும் எழுதவில்லை. ஆம்பிளைகள் செபக்கூட்டத்துக்கு வரப் பின்வாங்குவார்கள், தெரிந்த கதை. பெருநாளுக்கு முன் கோயில் வளவில் சிரமதானம் வைப்பார்கள், கொட்டகை போடுவார்கள், அதற்கு அனுப்புங்கள். அலவாங்கு பிடித்தவரை யாரும் புது ஆள் என்று பார்ப்பதில்லை. ஓகஸ்ட் 15 மடு மாதா திருவிழாவுக்கு அன்பியத்தார் பஸ் பிடித்தால் குடும்பமாகப் போங்கள். தனியாக வாகனம் பிடித்துப் போய்க் கும்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்பினால் மாதாவைக் காணலாம், ஆட்களைப் பழக முடியாது. மரத்துக்கு மரம் படங்கு கட்டி, ஒரே அடுப்பில் சமைத்து, தண்ணிக்கு வரிசையில் நின்று இரண்டு இரவு கழித்தால் யார் என்ன குணம் என்று முழுதும் தெரிந்துவிடும். சண்டையும் வரும், அது நல்லதுதான், சண்டை பிடிக்கிற அளவுக்கு ஆள் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி அந்த அக்காவின் சபை. அவரோடு செபிப்பதிலோ சாப்பிடுவதிலோ பாவம் இல்லை, அம்மாவிடமும் அப்படியே சொல்லுங்கள். ஆனால் சேருவது வேறு. சேர நினைத்தால் போதகரிடம் நேரே கேட்க வேண்டியவை இருக்கின்றன. ஏற்கனவே திருமுழுக்குப் பெற்ற உங்களைத் திரும்பவும் தண்ணீரில் முழுக்காட்டச் சொல்வார்களா? பெந்தகோஸ்து வழிச் சபைகளில் பொதுவாக அப்படித்தான், குழந்தையில் பெற்றதை அவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. கத்தோலிக்கத்தில் அது ஒரேதரம், மறுபடி கிடையாது. தசமபாகம் எவ்வளவு, அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? கேட்கக் கூச்சமாக இருந்தாலும் இன்னொன்றையும் கேளுங்கள்: வீட்டில் ஒரு சாவு விழுந்தால் எங்கே அடக்கம்? சின்னச் சபைகள் சிலவற்றுக்குச் சொந்தச் சேமக்காலை கிடையாது. அந்த நேரத்தில் பழைய பங்கின் வாசலில் போய் நிற்கிற குடும்பங்களின் கதை வன்னியில் எல்லாருக்கும் தெரியும். ஒலிபெருக்கிச் சத்தத்தைப் பற்றியும் எழுதலாம், எழுதினால் இரண்டு பக்கமும் என்னை அடிக்க வரும், விடுவோம்.

எல்லாம் கேட்டு, யோசித்து, நீங்களும் கணவரும் ஒருமித்துப் போனால் அது உங்கள் முடிவு. பிள்ளையை மட்டும் ஒரு ஞாயிறு அங்கே, ஒரு ஞாயிறு இங்கே என்று இழுக்காதீர்கள். என்னைக் கேட்டால், ஒரு வருசம் அன்பியத்துக்குப் போய்ப் பாருங்கள். அக்கா எங்கேயும் போகமாட்டார், வேலிக்கு அந்தப் பக்கம்தானே இருக்கிறார்.

கேள்வி: கல்யாணத்துக்கு ஓலை வாசிக்க (கோயிலில் திருமண அறிவித்தல் சொல்ல) ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கிறார்கள். எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் பதிவேடு 2009இல் அழிந்துவிட்டது. திரும்பவும் ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா? (கிளிநொச்சி வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. உங்கள் நிலையில் வன்னியில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள், சட்டத்திலும் வழி இருக்கிறது. நம்பத்தக்க ஒரே ஒரு சாட்சி, அதாவது நேரில் நின்ற ஞானத்தாயோ ஞானத்தந்தையோ அம்மாவோ வாக்குமூலம் கொடுத்தால் போதும் என்பது திருச்சபைச் சட்டம். அதற்கு முன் முதல் நன்மையும் உறுதிபூசுதலும் எங்கே எடுத்தீர்கள் என்று யோசித்து, அந்தப் பங்கின் பதிவேட்டையும் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள், அங்கே ஞானஸ்நான விபரம் குறித்திருக்கலாம். ஞானத்தாய் வெளிநாட்டில் என்றால் அங்குள்ள பங்குத்தந்தை முன் கையெழுத்து வைத்து அனுப்பட்டும். ஓலை மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும், மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன் இந்த வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: நான் மெதடிஸ்த சபையைச் சேர்ந்தவள். வேலைக்கு வந்த இடத்தில் கிட்ட இருப்பது தென்னிந்திய திருச்சபைக் கோயில். போகலாமா? (ஆசிரியை, பரந்தன்)

பதில்: தாராளமாக, ரீச்சர். 1947இல் தென்னிந்திய திருச்சபை உருவானபோது இந்தியாவின் தெற்கில் உங்கள் மெதடிஸ்த ஆட்களும் அதில் சேர்ந்தார்கள். இங்கே யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வழிக் கோயில்கள் மட்டும் சேர, மெதடிஸ்த சபை தனியே நின்றுவிட்டது. திருவிருந்தில் பங்கெடுக்கலாம், அங்கத்துவத்தை உங்கள் தாய்ச் சபையிலேயே வைத்திருக்கலாம். பாட்டுப் பாடுவீர்கள் என்று மட்டும் முதல் கிழமையே சொல்லிவிடாதீர்கள், பாடகர் குழுவில் பிடித்துப் போட்டுவிடுவார்கள்.